மகளுக்கு முதுகு பிரேஸ்: திருகோணமலை வெக்கையில 18 மணித்தியாலம் எப்பிடிப் போடுறது?

உப்புவெளி அம்மா:

வணக்கம் எல்லாருக்கும். மகளுக்கு 12 வயசு, தரம் 7 படிக்கிறா. முதுகெலும்பு வலப்பக்கமா வளைஞ்சிருக்கு, ஸ்கோலியோசிஸ் எண்டு சொல்லியிருக்கினம். முதல்ல கண்டது நாங்களில்லை, சட்டை தைக்கிற அக்கா. யூனிபோம் தைச்சுப் போட்டுப் பார்த்தா கீழ் விளிம்பு ஒரு பக்கம் ஏறியே நிக்குது. பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சுப் பார்த்திட்டு, "தையல்ல பிழையில்லை, பிள்ளையின்ர தோளைப் பாருங்கோ" எண்டவ. குனிய வைச்சுப் பார்த்தா வலப்பக்க விலா மேல எழும்பி நிக்குது. வீட்டில ஒருத்தரும் கவனிக்கேல்லை. வளருற வயசில முதுகைத் திறந்து காட்டிக்கொண்டு எந்தப் பிள்ளை நிக்கும்?

எக்ஸ்ரேயில வளைவு 31 பாகை. எலும்பு டொக்டர் பிரேஸ் எழுதினவர். கொழும்பில பிளாஸ்டர் சுத்தி அச்செடுத்துச் செய்து தந்தவை. கக்கத்துக்குக் கீழ துவங்கி இடுப்பெலும்பு மூடுற வரைக்கும் வெள்ளைப் பிளாஸ்ரிக் கூடு, முதுகுப்பக்கம் மூண்டு பட்டி. ஒரு நாளைக்கு 18 மணித்தியாலம் போடோணும் எண்டு சொல்லி விட்டினம்.

சொல்லி விடுறது லேசு. இஞ்ச கச்சான் அடிக்கத் துவங்கீட்டுது. பகல் பன்னிரண்டு மணிக்கு முத்தத்தில கால் வைக்கேலாது. பிள்ளை பள்ளிக்கூடத்தால வந்து சட்டையைக் கழட்டினா உள்ள போட்ட பெனியனைப் பிழிஞ்சு தண்ணி எடுக்கலாம். கக்கத்துக்குக் கீழ முழுக்க வேர்க்குரு, இடுப்பெலும்பில சிவந்த அடையாளம். இப்ப பள்ளிக்கூடத்துக்குப் போட மாட்டன் எண்டு நிக்கிறா. காரணம் வெக்கை மட்டுமில்லை. வெள்ளைச் சட்டைக்குள்ளால விளிம்பு தெரியுதாம். பின்னால இருக்கிற பிள்ளை அடிமட்டத்தால தட்டிப் பார்த்து "டொக் டொக்" எண்டு கேக்குதாம்.

மாமி ஒரு பக்கம். அவவுக்குத் தெரிஞ்ச முறிவு வைத்தியர் ஒருத்தர் இருக்கிறாராம், எண்ணெய் பூசிப் பத்துப் போட்டுக் கட்டினா நிமிர்த்தித் தருவாராம். "பொம்பிளைப் பிள்ளையை ஆமை மாதிரி ஓட்டுக்குள்ள அடைச்சு வைச்சிருக்கிறியள்" எண்டு ஒவ்வொரு நாளும் எனக்கு அர்ச்சனை. இவர் ஃபார்மசியில தொங்குற தோள் நிமிர்த்துற பெல்ட் ஒண்டை வாங்கிக்கொண்டு வந்து, பள்ளிக்கூடத்துக்கு இதைப் போடட்டும், வீட்டில மற்றதைப் போடட்டும் எண்டுறார். அது லேசு, சட்டைக்குள்ள தெரியவும் மாட்டுது. அப்பிடிச் செய்யலாமோ? பள்ளிக்கூட நேரத்தை விட்டால் மிச்சம் போதுமோ? வேர்க்குருவுக்கு என்ன செய்யிறது? பிள்ளை நெட்போல் விளையாடுறவ, அதையும் நிப்பாட்டோணுமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


துறைமுகத்தார்:

தங்கச்சி, நான் டொக்டர் இல்லை, பட்டதைச் சொல்றன். எனக்கு நாரி நோ வந்து பெல்ட் ஒண்டு தந்தவை. சுகமா இருக்கெண்டு மாசக்கணக்காக் கழட்டாமல் கட்டிக்கொண்டு திரிஞ்சன். பிறகு கழட்டினா நாரி நிக்காது, ஒரு வாளி தண்ணி தூக்கேலாது. பிசியோ பிள்ளைதான் ஏசிப்போட்டு, பெல்ட்டைப் பாரம் தூக்கிற நேரத்துக்கு மட்டும் வைச்சுக்கொண்டு பயிற்சி செய்யப் பழக்கினது. தசை வேலை செய்யாட்டில் சோம்பிப் போகும். சின்னப் பிள்ளைக்கு 18 மணித்தியாலம் எண்டுறது எனக்கெண்டா சரியாப் படேல்லை. இன்னொரு டொக்டரிட்டயும் கேளுங்கோ.


பிளாஸ்டர்கை:

அம்மா, நான் பிரேஸ், செயற்கைக் கால் செய்யிற ஆள். ராகமயில படிச்சனான், சொந்த ஊர் தம்பலகாமம். உங்கட பிள்ளையை நான் பார்க்கேல்லை, எக்ஸ்ரேயையும் பார்க்கேல்லை. ஆனபடியால் உங்கட டொக்டர் சொன்னதை மாத்தச் சொல்லி நான் சொல்ல மாட்டன். ஏன் அப்பிடிச் சொன்னவர் எண்டதை மட்டும் விளங்கப்படுத்துறன். கொஞ்சம் நீளும்.

முதல்ல துறைமுகத்தார் அண்ணைக்கு. நீங்கள் சொல்றது நாரிப் பெல்ட்டுக்குச் சரி. அது வளர்ந்த ஆளின்ர நோவுக்கு, கொஞ்ச நாளைக்குத் தாங்குறது. இது வேற சாமான். இந்தப் பிள்ளைக்கு அநேகமா நோவே இருக்காது. இஞ்ச நாங்கள் பிடிக்கப் பார்க்கிறது வளர்ச்சியை. முதுகெலும்பு ஒரு பக்கம் வளைஞ்சு திரும்பி நிக்கேக்க, உட்பக்கம் கூட அமத்தம் விழுது, வெளிப்பக்கம் குறைய விழுது. அந்த நிலையிலயே பிள்ளை கிடுகிடெண்டு உயர்ந்தா வளைவும் கூடவே போகும். பிரேஸ் வளைவின்ர முகட்டில ஒரு பக்கத்தால தள்ளும், மேலயும் கீழயும் மற்றப் பக்கத்தால தாங்கும். மூண்டு புள்ளி அமத்தம். உங்கட மகளின்ர பிரேஸைக் கையில எடுத்து உள்ளுக்குப் பாருங்கோ: வலப்பக்க விலாவுக்கு நேர ஒரு தடிச்ச ஃபோம் மெத்தை ஒட்டியிருக்கும், அதுக்கு எதிர்ப்பக்கம் வெறும் இடம் விட்டிருக்கும். அந்த வெறும் இடம் அளவு பிழைச்சதால வந்ததில்லை, உடம்பு நகர்ந்து போறதுக்கு விட்ட இடம். துணி கிணி வைச்சு அடைச்சுப்போடாதேங்கோ. கனபேர் "ஆடுது" எண்டு அடைக்கிறவை.

அந்த அச்சில நாங்கள் செய்யிற வேலையும் அதுதான். பிள்ளையின்ர உடம்பில எடுத்த பிளாஸ்டர் கூட்டுக்குள்ள திரும்பப் பிளாஸ்டர் கரைச்சு ஊத்தினா, பிள்ளையின்ர உடம்பு மாதிரியே ஒரு வெள்ளைச் சிலை வரும். அமத்த வேண்டிய இடத்தில அரத்தால சீவிச் சீவிக் குறைப்பம். விட வேண்டிய இடத்தில, இடுப்பெலும்பு முனையில, பிளாஸ்டரை அப்பிக் கூட்டுவம். பிறகு பிளாஸ்ரிக் தகட்டைச் சூளையில வைச்சா வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரித் தெரியத் துவங்கும், அப்ப ரெண்டு பேர் நாலு மூலையில பிடிச்சுத் தூக்கி அந்தச் சிலைக்கு மேல போத்தி, காத்தை உறிஞ்சி ஒட்ட வைப்பம். ஆறின பிறகு வெட்டி எடுக்கிறது. இதுக்குள்ள எத்தினையோ இடத்தில அரை சென்ரிமீற்றர் அங்க இஞ்ச போகும். அதாலதான் முதல் ஒண்டு ரெண்டு மாசம் திருத்தத்துக்கு வரச் சொல்றது. இடுப்பெலும்பில சிவப்பு எண்டு எழுதினியள். அதுக்கு ஒரு கணக்கு: கழட்டி அரை மணித்தியாலத்துக்குள்ள சிவப்பு மறைஞ்சால் பயமில்லை, மெத்தை அமத்துற இடத்தில அப்பிடி வரத்தான் வேணும். அதுக்குப் பிறகும் நிண்டாலோ, தோல் உரிஞ்சாலோ, கொப்புளம் போட்டாலோ செய்த ஆளுக்குப் படமெடுத்து அனுப்பிப்போட்டுக் கொண்டுபோங்கோ. தோல் உடைஞ்சிருந்தால் ஆறுமட்டும் போட வேண்டாம். எலும்பு முனையில அமத்தவே கூடாது, ஹீட் கன்னால சூடாக்கி அந்த இடத்தை வெளியால தள்ளி விடுவினம், கொஞ்ச நேர வேலை. நீங்களா வீட்டில அடுப்பில காட்டி வளைக்க வெளிக்கிட வேண்டாம். அப்பிடிச் செய்து கொண்டு வந்த ஒண்டையும் பார்த்தாச்சு.

இனி 18 மணித்தியாலம். இது டொக்டர்மார் வாய்க்கு வந்தபடி சொல்ற கணக்கில்லை. பிரேஸ் உண்மையில வேலை செய்யுதோ எண்டு கனகாலமாச் சண்டை நடந்தது. 2013 இல அமெரிக்காவிலயும் கனடாவிலயும் சேர்ந்து செய்த ஆய்வு ஒண்டு வெளிவந்தது. 10 முதல் 15 வயசுப் பிள்ளையள், 20 முதல் 40 பாகை வளைவு. வளர்ச்சி முடியேக்க வளைவு 50 பாகைக்குக் கீழ நிண்டால் வெற்றி எண்டு கணக்கு. பிரேஸ் போட்ட பிள்ளையளில 72 வீதம் வெற்றி, போடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த பிள்ளையளில 48 வீதம். வித்தியாசம் தெளிவா இருந்தபடியால் ஆய்வை நேரத்தோடயே நிப்பாட்டிப்போட்டினம். எனக்கு அதில முக்கியமாப் படுறது வேறொண்டு. பிரேஸுக்குள்ள உடம்புச் சூடு அளக்கிற சின்னக் கருவி வைச்சு, பிள்ளை உண்மையில எவ்வளவு நேரம் போட்டது எண்டு பார்த்தவை. நாளுக்குச் சராசரி 13 மணித்தியாலம் அளவில, அதுக்கு மேல போட்ட பிள்ளையளில 90 வீதத்துக்கும் கூட வெற்றி. ஆறு மணித்தியாலத்துக்குள்ள போட்டதுகளுக்கு, போடாததுகளை விடப் பெரிய மாற்றம் ஒண்டுமில்லை.

இதில இருந்து ரெண்டு விசயம் எடுக்கலாம். ஒரு நாள் 18 வரேல்லை, 15 தான் வந்தது எண்டு பிள்ளையைப் போட்டு ஏச வேண்டாம். மற்றது, இரவில மட்டும் போட்டால் காணும் எண்டு நீங்களாத் தீர்மானிக்கவும் வேண்டாம். இரவுக்கு மட்டும் எண்டே வேற மாதிரிச் செய்யிற பிரேஸ் இருக்கு, உங்கட மகளின்ரது அதில்லை. பள்ளிக்கூடம், பிறகு ரியூசன், ரெண்டுக்கும் கழட்டினா பகல்ல ஒண்டும் மிஞ்சாது. ஆனால் கழட்டுற ஆறு மணித்தியாலத்தை எங்க வைக்கிறது எண்டது உங்கட கை. கொழும்பிலயோ லண்டனிலயோ இருக்கிற பிள்ளைக்கு எழுதின அட்டவணை எங்கட ஊருக்குச் சரிவராது. விடியக்காலமையும் இரவும் போட்டபடி இருக்கட்டும், பள்ளிக்கூடத்துக்கும் போடட்டும், வந்தவுடன கழட்டிப்போட்டுக் குளிச்சு, சாப்பிட்டு, அந்தக் கொதிக்கிற நேரம் முழுக்க ஃபேனுக்குக் கீழ சும்மா இருக்கட்டும். நெட்போலும் அந்த ஆறுக்குள்ள வரட்டும். விளையாட்டை நிப்பாட்டவே கூடாது, தசை சோம்பாமல் இருக்க அதுதான் மருந்து. துறைமுகத்தார் அண்ணையின்ர பயத்துக்கும் அதுதான் மறுமொழி.

ஃபார்மசி பெல்ட்டைப் பற்றி: அது தோளை மட்டும் பின்னுக்கு இழுக்கும். திரும்பி நிக்கிற முள்ளந்தண்டை அது தொடவும் மாட்டுது. அதைப் போட்ட நேரத்தைப் பிரேஸ் நேரமாக் கணக்கெடுக்கேலாது.

முறிவு வைத்தியரைப் பற்றி நான் குறை சொல்ல வரேல்லை. கை கால் முறிஞ்சு அவையிட்டப் போய்ச் சுகமான ஆக்கள் எங்கட வீட்டிலயும் இருக்கினம். ஆனால் இது முறிவுமில்லை, விலகலுமில்லை. இஞ்ச போனா வராத சாமான் காலம். இடுப்பெலும்பின்ர மேல் விளிம்பு எவ்வளவுக்கு முத்தியிருக்கெண்டு எக்ஸ்ரேயில பார்த்து 0 இல இருந்து 5 வரை ஒரு எண் போடுவினம், ரிஸ்ஸர் எண்டு பேர். உங்கட ரிப்போர்ட்டில பாருங்கோ. 0 எண்டால் வளர்ச்சி கனக்கக் கிடக்கு, வளைவு கூடக்கூடிய காலமும் அதுதான். எண்ணெய் பூசிப் பார்த்துக்கொண்டு அந்த மாசங்களை விட்டால் பிறகு எந்த வைத்தியராலயும் திருப்பித் தரேலாது. மாமிக்கு மனம் ஆற வேணுமெண்டால் கழட்டின நேரத்தில அவ கையால முதுகுக்கு மெல்ல எண்ணெய் தடவி விடட்டும். ஆனால் சவுக்காரம் போட்டுக் கழுவித் துடைச்ச பிறகுதான் பிரேஸ். எண்ணெய், கிறீம் எல்லாம் தோலை ஊற வைக்கும், ஊறின தோல் உரியும். ஒருத்தரும் முதுகில ஏறி அமத்தி நிமிர்த்த விடாதேங்கோ.

வேர்க்குருவுக்குப் பவுடரை அப்ப வேண்டாம், வேர்வையோட சேர்ந்து களியாகி அதுவே உராயும். பெனியன்தான் விசயம். ஆம்பிளையளின்ர ஆம்கட் பெனியன், நல்ல பருத்தி, பக்கத் தையல் இல்லாமல் குழாய் மாதிரிப் பின்னினது, பிரேஸ் விளிம்புக்குக் கீழ தொங்குற நீளத்துக்கு வாங்குங்கோ. உட்பக்கத்தை வெளியால திருப்பிப் போடட்டும், இருக்கிற தையலும் தோலில படாது. பட்டி இறுக்கின பிறகு கீழ இருந்து பிடிச்சு இழுத்துச் சுருக்கமெடுக்கோணும். ஒரு சுருக்கம் கிடந்தாலும் பின்னேரம் அந்த இடத்தில கோடு விழும். பள்ளிக்கூடப் பையில மாத்துப் பெனியன் ஒண்டு. உடையாத தோலில, மெத்தை அமத்துற இடத்துக்கு, கொஞ்சம் சர்ஜிக்கல் ஸ்பிரிட் பஞ்சில தொட்டுத் தடவினால் தோல் கொஞ்சம் கொஞ்சமாத் தடிச்சுப் பழகும். வேர்க்குரு உள்ள இடத்தில வேண்டாம், எரியும். பிரேஸின்ர உட்பக்கத்தை ஒவ்வொரு நாளும் சவுக்காரத் தண்ணியில நனைச்ச துணியால துடைச்சு நிழலில காய விடுங்கோ. வெயிலில மதிலுக்கு மேல வைக்கிறது, பூட்டின வானுக்குள்ள விட்டிட்டுப் போறது, ரெண்டும் கூடாது. சூட்டுக்கு வடிவம் போயிடும்.

பட்டி இறுக்கிறது பிள்ளை படுத்துக்கொண்டு. நிண்டுகொண்டு இறுக்கினால் சரியான இடத்தில இருக்காது. பட்டியில செய்த ஆள் பேனையால கோடு போட்டிருப்பார், அந்தக் கோட்டுக்கு வரோணும். பிள்ளை பாவமெண்டு பட்டியை லூசா விடுறவை, ஆனால் லூசாப் போட்ட பிரேஸ்தான் கூட உராய்ஞ்சு புண்ணாக்கிறது.


லிங்கநகர் பொண்ணு:

அன்ரி, நான் போட்ட ஆள். இப்ப கம்பஸ்ல படிக்கிறன். மேல அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனா அவர் போடலையே, செஞ்சு தாறவர்தானே! நான் பிள்ளையின்ர பக்கம் சொல்றன்.

முதல்ல பள்ளிக்கூடம். நீங்க அதிபரிட்டயும் வகுப்பு மிஸ்ஸிட்டயும் டொக்டரின்ர கடிதத்தைக் கொண்டுபோய்க் குடுங்க. பிள்ளைக்குத் தெரியாம இல்ல, பிள்ளையைக் கேட்டுட்டு. என்ர மிஸ் ஒரு நாள் சுகாதார பாடத்துக்கு என்னையே கொண்டு வந்து காட்டச் சொன்னா. நான் முதல்ல மாட்டன் எண்டன். பிறகு கழட்டி மேசையில வைச்சு, எல்லாரும் தட்டிப் பார்த்து, ரெண்டு மூண்டு பேர் போட்டும் பார்த்தாளுகள். அதுக்குப் பிறகு ஒருத்திக்கும் தட்ட விருப்பமில்லாமப் போச்சு. மறைச்சு வைச்சாத்தான் தட்டுவாளுகள். ஆனா உங்கட மகள் கூச்சக்காரி எண்டா இதைக் கட்டாயப்படுத்த வேண்டாம், பிளீஸ்.

யூனிபோம்: பிரேஸைப் போட்டுக்கொண்டு அளவெடுங்க. முந்தின அளவில துணி விட்டுப் பிரிச்சா முதுகுப் பட்டி துருத்தும். மேற்சட்டைப் பகுதிக்கு உள்ள மெல்லிய வெள்ளை லைனிங் வைச்சுத் தைச்சா விளிம்பு தெரியாது. வெக்கை கொஞ்சம் கூடும்தான், ஆனா எனக்கு வெக்கையை விட விளிம்பு தெரியிறதுதான் அழுகையைத் தந்தது. உங்களுக்குத்தான் அந்தத் தைக்கிற அக்கா இருக்கிறாவே, கண் உள்ள ஆள், அவவிட்டயே குடுங்க.

சாப்பாடு! இதை ஒருத்தரும் சொல்ல மாட்டினம். பிரேஸோட வயிறு விரியாது. காலமை புட்டும் கட்டிச் சம்பலும் எண்டு வழமை மாதிரிச் சாப்பிட்டா வான்ல போகேக்க மூச்சு முட்டும், சத்தி வரும். கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க. அப்புறம் பென்சில் விழுந்தா குனியேலாது, குந்தித்தான் எடுக்கோணும். கோயில்ல நிலத்தில இருக்கேக்க சுவரோரமா இடம் பிடிக்கச் சொல்லுங்க. பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாச் சனத்துக்குள்ள நான் ஒருக்கா நிலத்தில இருந்திட்டு எழும்பேலாம நிண்ட கதையை வீட்டில இப்பவும் சொல்லிச் சிரிப்பாங்க.

முதல் நாளே 18 எண்டு தொடங்கினவங்களா உங்களுக்கு? எனக்கு ரெண்டு மணித்தியாலம், நாலு, ஆறு எண்டு கூட்டிக் கூட்டித்தான் பழக்கினது. இரவு நித்திரைதான் கடைசியாப் பழகினது. நுளம்பு வலைக்குள்ள காத்து வராது, அதால மேசை ஃபேனைக் கட்டில் மட்டத்துக்கு ஒரு கதிரையில வைச்சு விட்டாங்க. கரண்ட் போனா கழட்டிடுவன், அதையும் சொல்லத்தானே வேணும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில அப்பா உப்புவெளிக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். பிரேஸ் இல்லாம ஒரு மணித்தியாலம் தண்ணியில. அதுக்காகவே கிழமை முழுக்கப் போட்டன் எண்டு சொல்லலாம். உங்களுக்குக் கடல் கூப்பிடு தூரம். உப்புத் தண்ணி மட்டும் நல்லாக் கழுவிப்போட்டுப் போடணும், இல்லாட்டிக் கடிக்கும்.

எனக்கு வளைவு 28 பாகையில தொடங்கி, முடியேக்க 30. நிமிரல்ல. கூடவும் இல்ல. ஒரு தோள் கொஞ்சம் இறக்கம்தான், எனக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் படத்தில.


கிண்ணியா வாப்பா:

அஸ்ஸலாமு அலைக்கும். என்ட மகனுக்கு முதுகு இல்ல, கால். பிறந்ததிலிருந்து கால் தசை இறுக்கம், நுனிக்காலில நடப்பான். முழங்காலுக்குக் கீழ போடுற பிளாஸ்ரிக் பிரேஸ். சகோதரி எழுதினதைப் பார்த்து மனசு கேக்கல்ல, அதான் எழுதுறன்.

நாங்க படிச்ச ஒரு விசயம்: போடுற முறை பிழைச்சா நல்ல பிரேஸும் புண்ணாக்கும். மகன்ட முழங்காலை மடிச்சு வெச்சு, குதிகாலை நல்லா உள்ளுக்கு இறக்கி, கணுக்கால் பட்டியைத்தான் முதல்ல கட்டணும். மேல் பட்டியை முதல்ல கட்டினா குதி எழும்பிரும். இதைக் கொழும்பில காட்டித் தந்தாங்க, ஊட்ட வந்து மறந்து போச்சு. அடுத்த முறை போனில வீடியோ எடுத்துக்கொண்டு வந்தன். நீங்களும் அவங்க கட்டுறதை வீடியோ எடுங்க, மாமிக்கும் காட்டுங்க. அவங்களே கட்டிப் பழகினா ஆமை ஓடு எண்டு சொல்ல மாட்டாங்க.

இன்னொண்டு, இது ஒருக்கா வாங்கி முடியிற சாமான் இல்ல. பிள்ளை வளரும், பிரேஸ் வளராது. சப்பாத்தும் அப்பிடித்தான், பிரேஸுக்கு மேல போட ஒரு அளவு பெரிசு வாங்கி உள்தகட்டைக் கழட்டிப் போடுறம். காசை ஒரு ஓரமா சேர்த்து வெச்சிக்கங்க.


உப்புவெளி அம்மா:

எல்லாருக்கும் பெரிய நன்றி. லிங்கநகர் மகள், நீங்கள் எழுதினதை அவவே என்ர போனில இருந்து வாசிச்சவ. "30 இல நிண்டது" எண்ட இடத்தைத் திரும்பவும் வாசிச்சுப்போட்டு, கடல் கதைக்கு மட்டும் சிரிச்சவ. வகுப்பில கழட்டிக் காட்டச் சம்மதமில்லையாம், ஆனால் பக்கத்தில இருக்கிற கூட்டாளிக்கு மட்டும் காட்டப் போறாவாம். வகுப்பு மிஸ்ஸோட கதைச்சாச்சு. சுவரோரமாக் கதிரையை மாத்தி, ஃபேனுக்குக் கீழ விட்டிருக்கிறா. பின்னால இருந்து தட்டவும் ஆளில்லை.

ரிப்போர்ட்டில ரிஸ்ஸர் 0 எண்டுதான் கிடக்கு. அதை இவருக்கு வாசிச்சுக் காட்டினன். பெல்ட்டைத் திருப்பிக் குடுக்கக் கொண்டுபோனார், கடைக்காரர் எடுக்கேல்லை. அலுமாரிக்குள்ள கிடக்கு.

ஆம்கட் பெனியன் விசயம் நல்லா வேலை செய்யுது. வேர்க்குரு காயுது. இடுப்பெலும்புச் சிவப்பு அரை மணித்தியாலம் தாண்டியும் நிக்குது, படமெடுத்து அனுப்பினன், அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்கினம். எண்ணெய் தடவுற வேலை மாமியின்ர பொறுப்பு, அவவுக்கு அதில நல்ல சந்தோசம். ஆனாலும் கேள்வி விடுறாவில்லை. பிளாஸ்டர்கை தம்பி, இதை எப்ப முழுசாக் கழட்டுறது? பள்ளிக்கூடப் பை பாரத்தாலதான் வந்ததெண்டு இவர் சொல்றார், அது சரியோ? மாமி கேக்கிறது: பிள்ளை பெரியபிள்ளையானால் சாமத்தியவீட்டுக்குச் சீலை உடுத்தேக்க இதைக் கழட்டலாமோ?


பிளாஸ்டர்கை:

பை பாரத்தால இது வராது அம்மா. பாரப் பை நாரிக்கும் தோளுக்கும் நோவைக் குடுக்கும், அதைக் குறைக்கிறது நல்லதுதான், ஆனால் இந்த வளைவுக்கு அது காரணமில்லை. இருந்த விதம், படுத்த விதம், பால் குடிக்காதது, ஒண்டுமில்லை. பத்தில எட்டுப் பிள்ளைக்கு இன்ன காரணமெண்டு சொல்லேலாது. குடும்பத்தில வேற ஆருக்கும் இருந்தால் வாற சாத்தியம் கூட. அதால தங்கச்சிமார் இருந்தால் வெறும் முதுகோட, ரெண்டு கையையும் சேர்த்து, முழங்காலை மடிக்காமல் குனிய வைச்சுப் பின்னால நிண்டு பாருங்கோ.

பழைய காலத்துப் பிள்ளையளை நினைச்சால் எங்கட பிள்ளையள் பாடு பரவாயில்லை. 1940களில வந்த மில்வாக்கி பிரேஸில தாடைக்குக் கீழ வளையம், முன்னுக்கும் பின்னுக்கும் உலோகக் கம்பி. அதை ஒரு சட்டைக்குள்ளயும் மறைக்கேலாது. கக்கத்தோட நிக்கிற இந்த வகை 1970களில பொஸ்டனில வந்தது.

எப்ப கழட்டுறது எண்டதுக்கு வயசைக் கணக்கெடுக்கிறேல்லை. உயரம் கூடுறது நிண்டு, ரிஸ்ஸர் 4 அளவுக்கு வந்த பிறகு டொக்டர் மெல்ல மெல்ல நேரத்தைக் குறைப்பார். ஒரே நாளில தூக்கி எறியிறதில்லை. வீட்டில மாசம் ஒருக்கா சுவரில கோடு போட்டு உயரத்தை அளந்து கிளினிக் கொப்பியில குறிச்சுக்கொண்டு வாங்கோ, டொக்டருக்கு அது பெரிய உதவி. அடுத்த எக்ஸ்ரே பிரேஸோடயோ பிரேஸ் இல்லாமலோ, இல்லாமல் எண்டால் எத்தினை மணித்தியாலத்துக்கு முதல் கழட்டோணும் எண்டதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கோ. கொழும்புக்கு இரவு ரயில்ல போட்டுக்கொண்டு போய் இறங்கின பிறகு "நேற்றே கழட்டியிருக்கோணும்" எண்டு கேட்டால் கோபம் வரும். முதல் எக்ஸ்ரே பிரேஸோட எடுத்தவையோ? அதில வளைவு பாதியளவுக்காவது இறங்கினதெண்டால் பிரேஸ் நல்லாப் பிடிக்குது. அடுத்த கிழமை போகேக்க கேளுங்கோ.

மாமிக்கு: கழட்டலாம். சீலை உடுத்தி, ஆரத்தி எடுத்து, படமெல்லாம் எடுத்து முடியட்டும், இரவைக்குப் போடட்டும். பெரியபிள்ளையாகிறதுக்கு முந்தின மாசங்களிலதான் உயரம் ஆகக் கூடிப் பாயிறது. அதுக்குப் பிறகு ரெண்டு வருசமளவில மெல்ல மெல்ல அடங்கும். அதால அந்தத் திகதியைக் கொப்பியின்ர முதல் பக்கத்திலயே எழுதி வையுங்கோ, டொக்டர் கட்டாயம் கேப்பார்.